டியூனிங் செய்த பிறகு ஸ்டார்ட் ஆகாத அம்பாசடர்: காயிலை மாற்றுவதற்கு முன்

டெல்டா மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இது. அவருடைய அப்பா வாங்கிய 1986 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி, பழைய 1489 சிசி இன்ஜின். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் லேசாக மிஸ்ஸிங் இருந்ததால் உள்ளூர் மெக்கானிக்கிடம் டியூனிங் கொடுத்தார். பிளக் நான்கு, பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்), கண்டன்சர், ரோட்டர் (சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்துத் தருவது), கேப் (அதற்கு மேலுள்ள கறுப்பு மூடி), பிளக் வயர் செட் எல்லாம் புதிதாக மாட்டி, பொறி விழும் நேரமான டைமிங்கும் பிடித்திருக்கிறார் மெக்கானிக்.

அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முதல் நாள் செல்ஃப் அடித்தபோது இரண்டு மூன்று தரம் பற்றுவதுபோல் உதறி, கார்ப்பரேட்டரில் ‘டப்’ என்று வெடித்து நின்றது. மெக்கானிக் மறுபடி கேப்பைத் திறந்து பாயிண்டைக் கழற்றி மாட்டினார். அன்றிலிருந்து அந்த டப் சத்தமும் இல்லை. செல்ஃப் நன்றாகச் சுழல்கிறது. பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் நடு வயரை இன்ஜின் பிளாக்கில் காட்டினால் பொறி இல்லை. காயில் தொட முடியாத அளவு சூடாகிறது. ‘காயில் போச்சு’ என்று புதுக் காயில் மாட்டினார்கள். அதுவும் அதே சூடு, அதே அமைதி. இப்போது பாயிண்டும் ரோட்டரும் உட்காரும் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் எலக்ட்ரானிக் கிட் போட வேண்டும் என்கிறார்கள். இதுவரை செலவு ரூ.4,200. ஆர்.சி. புதுப்பிக்க இன்னும் மூன்று வாரத்தில் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். ‘தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா? பெட்ரோல் பக்கம் கோளாறா? மெக்கானிக் ஏமாற்றுகிறாரா?’ இவை அவர் கேள்விகள்.

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை. ஒரு தவறு நடந்திருக்கிறது. அதைத் தேடப் போய் இரண்டாவது தவறு நடந்திருக்கிறது. இரண்டாவது முதலாவதை மறைத்துவிட்டது. அதனால்தான் அவருக்கும் பிடிபடவில்லை. உங்கள் கடிதத்தில் மிக உதவியான வரி, முதல் நாள் டப் என்று வெடித்தது, மறுநாள் அதுவும் இல்லை என்று தேதி போட்டு எழுதியிருக்கிறீர்களே, அதுதான். முதல் நாள் பொறி இருந்தது, தவறான நேரத்தில் வந்தது. இரண்டாம் நாள் பொறியே இல்லை. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது.

பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். கார்ப்பரேட்டரில் வெடித்தது என்றாலே பெட்ரோல் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். கழற்றிப் பார்த்த பிளக் நனைந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். டியூனிங்குக்கு முன்தினம்வரை ஓடிய வண்டி இது. தொட்ட இடங்களில்தான் தேட வேண்டும். தொட்டவை எல்லாம் அந்தக் கறுப்பு மூடிக்கு உள்ளேயும் அதிலிருந்து பிளக்குக்குப் போகும் வயர்களிலும்தான் இருக்கின்றன.

சூடான காயில் என்ன சொல்கிறது

சூடானால் காயில் கெட்டுவிட்டது என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது பெரும்பாலும் வேறு. உங்கள் வண்டியில் பேலஸ்ட் (தனியாக மாட்டும் மின்தடை) இல்லாத 12 வோல்ட் காயில். அதன் முதல் சுற்றின் மின்தடை சுமார் 3 ஓம். சாவி ஆனில் இருந்து, பாயிண்ட் மூடியபடியே நின்றால் 4 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும். கிட்டத்தட்ட 48 வாட் பல்பை ஒரு தகர டப்பாவுக்குள் எரியவிட்ட மாதிரி. ஓடும் இன்ஜினில் பாயிண்ட் திறந்து திறந்து மூடுவதால் இவ்வளவு சூடு ஏறாது.

நல்ல வண்டியிலும் சாவியை ஆனில் மறந்துவிட்டுப் போனால், பாயிண்ட் தற்செயலாக மூடி நின்றிருந்தால், காயில் இப்படித்தான் கொதிக்கும். ஆகவே சூடு மட்டுமே சாட்சி ஆகாது. ஆனால் செல்ஃப் சுழலும்போதும் பொறி இல்லை, புதுக் காயிலும் அதே சூடு என்று மூன்றும் சேரும்போது ஒன்று தெளிவாகிறது: காயிலுக்கு மின்சாரம் வருகிறது, காயில் வழியாகவும் போகிறது, ஆனால் எங்கும் அறுபடாமல் நேராக எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்கு, போய்க்கொண்டே இருக்கிறது. அறுபடும் நொடியில்தான் பொறி பிறக்கும். பாயிண்டின் வேலையே அறுப்பதுதான். அந்த வேலை நடக்கவில்லை.

பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறிய பிறகு மல்டிமீட்டரில் இரண்டு சிறு முனைகளுக்கு இடையே 3 ஓம் அருகிலும், ஒரு சிறு முனைக்கும் நடுக் குழிக்கும் இடையே பல ஆயிரம் ஓமும் காட்டினால் அநேகமாக அது நல்ல காயில்தான்.

ஐந்து வாட் பல்பு, இரண்டு வயர்

பார்க்கிங் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு நீள வயர், இரண்டு முதலைக் கிளிப். கடையில் வாங்கும் டெஸ்ட் லாம்ப்பும் போதும். இண்டிகேட்டர் பல்பு வேண்டாம், அது அதிக மின்சாரம் இழுப்பதால் மங்கலாக எரிந்து குழப்பும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், தோளில் துண்டு வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் யாரையும் பார்த்துச் சுற்றுவதில்லை.

காயிலில் இரண்டு முனைகள். பழைய லூகாஸ் வகையில் எஸ்.டபிள்யூ. என்பது சாவியிலிருந்து வருவது, சி.பி. என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது. புதுக் காயிலில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். பேட்டரியின் மைனஸ் பாடியில் இருக்கும் வண்டியில் கழித்தல் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்கு. மாறியிருந்தாலும் வண்டி ஓடும், பொறி மட்டும் பலவீனமாகும். ஸ்டார்ட் ஆகாததற்கு இது காரணம் இல்லை, ஆனால் சரியாக இருக்கட்டும்.

பல்பின் ஒரு முனையை நல்ல எர்த்தில் கொடுங்கள். சாவி ஆன். மறுமுனையை எஸ்.டபிள்யூ.வில் தொட்டால் பல்பு எரிய வேண்டும். எரியும், காயில் சூடாகிறதே. அடுத்து சி.பி. முனையில் தொட்டபடி ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நலமாக இருக்கும் வண்டியில் பல்பு மினுக் மினுக்கென்று அணைந்து எரியும்: பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் மூடவே இல்லை, அல்லது மூடினாலும் எண்ணெய்ப் படலம் தடுக்கிறது. புதுப் பாயிண்டில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு படலம் பூசி வரும். பெட்ரோலில் நனைத்த சுத்தமான துணியால் துடைக்காமல் மாட்டினால் இப்படி ஆகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அசையும் தட்டையும் பாடியையும் இணைக்கும் சின்னப் பின்னல் எர்த் வயர் அறுந்திருந்தாலும் இதே அடையாளம்தான்.

உங்கள் வண்டியில் பல்பு அணைந்தே கிடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் கேப்பைக் கழற்றி, பாயிண்ட் இரண்டு முகங்களுக்கும் நடுவே அஞ்சலட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இப்போது பாயிண்ட் திறந்ததற்குச் சமம், பல்பு எரிந்தாக வேண்டும். எரிந்தால், பாயிண்ட் திறப்பதே இல்லை, அதாவது அதற்கு இடைவெளி விட்டது சரியில்லை. அட்டை வைத்தும் எரியவில்லை என்றால் மின்சாரம் பாயிண்டைத் தாண்டாமல் வேறு வழியில் எர்த் ஆகிறது. காயிலின் சி.பி. முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றிப் பாருங்கள். பல்பு எரிந்தால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள். வயரைத் திரும்ப மாட்டி, உள்ளே கண்டன்சரின் வயரை மட்டும் கழற்றுங்கள். எரிந்தால் புதுக் கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட், பழையதையே மாட்டிக்கொள்ளலாம். அப்போதும் எரியவில்லையா? அடுத்த பத்தியைப் படியுங்கள். என் கணிப்பு அங்கேதான் நிற்கிறது.

பாயிண்ட் ஸ்பிரிங் உட்காரும் சின்னத் திருகு

இந்த லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் அசையும் பாயிண்டின் ஸ்பிரிங் தகடு ஒரு சிறு தூணில் உட்காரும். அந்தத் தூண் தட்டோடு சேர்ந்தது, அதாவது எர்த். ஸ்பிரிங்கோ மின்சாரம் உள்ளது. இரண்டும் தொடாமல் பிரிப்பது ஒரு மெல்லிய வாஷரும், தொப்பி மாதிரி விளிம்புள்ள பிளாஸ்டிக் புஷ்ஷும்தான். அடுக்கு இப்படி இருக்க வேண்டும். தூணில் முதலில் இன்சுலேஷன் வாஷர். அதன் மேல் ஸ்பிரிங்கின் கண். கண்டன்சர் வயர், காயிலிலிருந்து வரும் வயர் இரண்டின் வளையங்களையும் பிளாஸ்டிக் புஷ்ஷின் கழுத்தில் கோத்து, அந்தப் புஷ்ஷை ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் இறக்க வேண்டும். கடைசியாக நட்டு. வளையங்கள் ஸ்பிரிங்கைத் தொடும். நட்டையும் தூணையும் தொடாது.

அவசரத்தில் என்ன ஆகிறது? புஷ்ஷை முதலில் இறக்கிவிட்டு, வயர் வளையங்களை அதற்கு மேலே, நட்டுக்கு நேர் அடியில் வைத்து முறுக்கிவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஆனால் வளையம் நட்டைத் தொடுகிறது, நட்டு தூணைத் தொடுகிறது, தூண் எர்த். பாயிண்ட் எத்தனை அழகாகத் திறந்து மூடினாலும் பயன் இல்லை. முதல் நாள் சரியாக இருந்த அடுக்கு, மறுநாள் கழற்றி மாட்டியபோது மாறியிருக்கிறது. அடியில் இருக்கும் வாஷர் கீழே விழுந்து மண்ணில் தொலைந்திருந்தாலும் இதே கதைதான். பழைய பாயிண்ட் செட்டிலிருந்து அந்த வாஷரை எடுத்துக்கொள்ளலாம். வளையத்தின் ஓரம் டிஸ்ட்ரிபியூட்டர் பாடியில் உரசுகிறதா, வயரின் உறை கிள்ளுப்பட்டிருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுக்கைச் சரி செய்ததும் பாயிண்ட் இடைவெளி. இன்ஜினைச் சுற்றி, பாயிண்டின் குதிகால் கேமின் முனை உச்சியில் நிற்கும்போது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், மெக்கானிக் கணக்கில் 14 முதல் 16 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ). ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சும்மா நுழையக் கூடாது, லேசாக இழுபட வேண்டும். கேஜில் எண்ணெய் இருந்தால் அது பாயிண்டில் ஒட்டும், துடைத்துவிட்டு நுழையுங்கள். பாயிண்டை எமரி பேப்பரால் தேய்க்கவே வேண்டாம், துகள் சிக்கிக்கொண்டு அடுத்த மாதமே கரிக்கும். குதிகாலில் கடுகளவு கிரீஸ் போதும். பிளக் இடைவெளி 25 தௌ, அதாவது 0.6 மில்லிமீட்டர். புது பிளக்கின் மரைநீளம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் கூடிய பிளக் பிஸ்டனில் இடிக்கலாம்.

சாவி ஆன் செய்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் காயிலின் நடு வயரின் முனையைப் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடியுங்கள். உதவியாள் மரப்பிடி திருப்புளியால் பாயிண்டைத் தட்டித் திறக்கட்டும். நீலமாக, ‘டிக்’ என்று சத்தத்தோடு பொறி வந்தால் இரண்டாம் நாள் கோளாறு ஒழிந்தது. மஞ்சளாக, சத்தமில்லாமல் வந்தால் கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம். பிளக் கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறி பார்க்கும்போது பிளக்குகள் மாட்டியே இருக்கட்டும்.

இங்கே பொறி நன்றாக வந்து, பிளக் வயரின் முனையில் வரவில்லை என்றால் கேப்பும் ரோட்டரும்தான் பாக்கி. கேப்பின் நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் கரித்துண்டு விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். மலிவான ரோட்டர்களில் நடு ரிவெட் ஆழமாக இறங்கி, பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்து அடியிலுள்ள தண்டுக்குப் போய்விடும். உங்கள் பழைய ரோட்டர் ஓடிய வண்டியிலிருந்து வந்தது. அதை மாட்டிப் பாருங்கள், அதற்குத்தான் பழைய பாகங்களைக் கேட்டு வாங்கச் சொல்வது. சிரிக்காதீர்கள், ரோட்டரை மாட்டவே மறந்து கேப்பை மூடுவதும் நடக்கிற விஷயம்தான்.

பொறி வந்தபின் அந்தப் பழைய ‘டப்’ திரும்பும்

இரண்டாம் கோளாறு சரியானதும் வண்டி மறுபடி முதல் நாள் மாதிரியே உதறி, கார்ப்பரேட்டரில் வெடிக்கும். பயப்படாதீர்கள், நல்ல அறிகுறி. இப்போது பிளக் வயர் வரிசைக்கு வரலாம்.

இந்த இன்ஜினில் பொறி வரும் வரிசை 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம். ரோட்டர் சுற்றுவது மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். வேறு பல வண்டிகளில் ரோட்டர் முள் சுற்றும் பக்கமே சுற்றும். நாளெல்லாம் அவற்றில் வேலை செய்யும் கை பழக்கத்தில் அந்தப் பக்கமாகவே வயர்களை வைத்துக்கொண்டு போய்விடும். அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ரோட்டர் தொடும் வரிசை 1-2-4-3 ஆகிவிடும். ஒன்றும் நான்கும் சரியான நேரத்தில் எரியும். இரண்டுக்கு வர வேண்டியது மூன்றுக்கும், மூன்றுக்கு வர வேண்டியது இரண்டுக்கும் போகும். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு முழுச் சுற்று தள்ளி ஓடுபவை. அதனால் புகை வெளியேறி முடிந்து உள்வால்வு திறக்கத் தொடங்கும் நேரத்தில் அந்தச் சிலிண்டர்களில் பொறி விழும். தீ திறந்த வால்வு வழியாகக் கார்ப்பரேட்டருக்கு ஓடும். டப். மற்ற இரண்டு சிலிண்டரும் இழுக்கப் பார்ப்பதால் அந்த உதறல். நீங்கள் எழுதியிருக்கும் முதல் நாள் காட்சி இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரையே 180 டிகிரி மாற்றி வைத்துவிட்டார்களோ என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த டிஸ்ட்ரிபியூட்டரின் அடிநாக்கு நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி இருக்கும், அதனால் தலைகீழாக உட்காராது. கீழே உள்ள கியர் தண்டையே வெளியே இழுத்திருந்தால்தான் மாறும், உங்கள் மெக்கானிக் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கேப்பில் வயர்களை எல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வைக்க முடியும். அப்படியானால் நான்கு சிலிண்டரும் தப்பான நேரத்தில் எரியும், உதறல்கூட இல்லாமல் வெடிப்பு மட்டும் இருக்கும்.

புத்தகப் படத்தை நம்பாமல் வண்டியிடமே கேளுங்கள். சாவியை அணைத்து, காயிலின் நடு வயரையும் கழற்றி வையுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜின் லேசாகச் சுற்றும். ஒன்றாம் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, டாப் கியரில் வண்டியை மெதுவாக முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் கம்ப்ரெஷன். கீழே கிராங்க் புல்லியின் வெட்டு, டைமிங் கவரில் உள்ள முட்களில் மிக நீளமானதற்கு நேரே வரும்போது நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. வால்வு கவர் திறந்திருந்தால் நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்க ஊசலாடும் நிலையில் இருக்கும், அது இரட்டைச் சாட்சி. ரோட்டர் இப்போது எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அதற்கு நேரே கேப்பில் இருக்கும் குழிதான் ஒன்று. அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிராக 3, 4, 2. கேப்பில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வயர் மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால் இந்த வம்பே வராது.

டைமிங், பல்பை வைத்தே

முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகு வயர் வரிசை, கடைசியில்தான் டைமிங். பாயிண்ட் இடைவெளி கூடினால் அது சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னேறும். ஆகவே டைமிங் பிடித்த பிறகு இடைவெளியைத் திருத்தினால் டைமிங் கெட்டுவிடும். மறுநாள் பாயிண்டைக் கழற்றி மாட்டியிருப்பதால் முதல் நாள் பிடித்த டைமிங் இப்போது எப்படியும் செல்லாது.

டைமிங் கவரில் நீள முள் சுழி (0 டிகிரி), அடுத்த சிறு முட்கள் 5, 10 டிகிரி. ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் வரும்போது புல்லி வெட்டை 5 டிகிரி முள்ளில் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்ய இது போதும். உங்கள் மாடலின் மேனுவலில் வேறு எண் இருந்தால் பிறகு அதற்குத் திருத்திக்கொள்ளலாம். பல்பை சி.பி. முனையில் கொடுத்து, சாவி ஆன் செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைக் கடிகார முள்ளுக்கு எதிராகப் பல்பு அணையும்வரை திருப்பி, பிறகு கடிகார முள் சுற்றும் பக்கமாக மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் அந்த நொடியில் நிறுத்தி கிளாம்ப்பை முறுக்குங்கள். பாடியைக் கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும், எதிர்ப்பக்கம் பின்வாங்கும். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் திக்கித் திக்கி எதிர்த்து உதைத்தால் மிகவும் முன்னேறியிருக்கிறது. ஓடியும் இழுவை இல்லை, சைலென்சர் கொதிக்கிறது என்றால் பின்வாங்கியிருக்கிறது.

நனைந்த பிளக்குகளைக் காயவைத்து மாட்டி, முதல் ஸ்டார்ட்டுக்கு சோக் இழுக்காமல், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் வேண்டாம், நடுவே அரை நிமிடம் விடுங்கள். இத்தனை நாள் அடித்த அடியில் பேட்டரி இறங்கியிருக்கும். சும்மா இருக்கையில் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தாலோ, செல்ஃப் அடிக்கையில் 9.6க்குக் கீழே போனாலோ சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா

இப்போதைக்கு வேண்டாம். பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளினால் பயன் உண்டு. உங்கள் வண்டியில் செல்ஃப் நன்றாகவே சுழல்கிறது. தள்ளுவதால் இல்லாத பொறி வந்துவிடாது. எரியாத பெட்ரோல் சைலென்சரில் சேர்ந்து, ஒரு பொறி பட்டதும் சைலென்சரையே கிழிக்கும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஊற்றி அடிப்பது அதைவிட மோசம். ஏற்கெனவே டப் என்று வெடிக்கும் வண்டி இது. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு முகத்தைக் கார்ப்பரேட்டருக்கு மேல் நீட்டவும் கூடாது. கிளீனர் மாட்டியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

கைப்பிடி போட்டுச் சுற்றும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்து, கீழிருந்து மேலே இழுங்கள். எதிர் உதை வந்தால் மணிக்கட்டு தப்பும்.

ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ ஆயில் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வாரக்கணக்கில் எரியாமல் போன பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழேதான் இறங்கியிருக்கும்.

எலக்ட்ரானிக் கிட், டிஸ்ட்ரிபியூட்டர், காசு

எலக்ட்ரானிக் கிட் கெட்ட பொருள் இல்லை. பாயிண்ட் தேய்மானத் தொல்லை போகும். ஆனால் வயர் வரிசை தப்பான வண்டியில் அதைப் போட்டால் எலக்ட்ரானிக்காக டப் என்று வெடிக்கும், அவ்வளவுதான். முதலில் பாயிண்டில் ஓடட்டும். பிறகு ஆசைப்பட்டால் போடலாம். பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது, கிட்டுக்கு எத்தனை ஓம் காயில் வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள், பாயிண்ட் செட்டை டிக்கியில் வைத்திருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்ற நான் காரணம் ஒன்றும் காணவில்லை. தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் நன்றாகத் தெரியும்படி ஆட்டம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மெக்கானிக்கிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள், குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ‘அட்டை வெச்சும் பல்பு எரியல தம்பி, அந்த புஷ்ஷை ஒருதரம் பாரேன்’ என்றால் அவருக்கே பட்டென்று விளங்கும். தேவையில்லாமல் மாற்றிய காயிலின் விலையைத் திரும்பக் கேட்பது நியாயம். பழைய பாகங்கள் உங்களுடையவை, கேட்டு வாங்குங்கள். அவர் கையை விரித்துவிட்டால், காசு கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். பில் இல்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். போனில் பணம் அனுப்பிய பதிவும், பாகம் வாங்கிய கடைச் சீட்டும் சாட்சிதான். ஆனால் நாலாயிரம் ரூபாய்க்கு ஊரில் பழைய அம்பாசடரைத் தொடத் தெரிந்த ஒரே கையைப் பகைத்துக்கொள்வதா என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும். உத்தர்பாரா தொழிற்சாலையில் இந்த வண்டியின் தயாரிப்பு நின்றே போன ஆண்டு 2014. பாயிண்ட் வண்டியில் கைப்பழக்கம் உள்ளவர்கள் அதற்கும் முன்பிருந்தே குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும் முன் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புதுப் பாயிண்டின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தேயும், இடைவெளி குறையும். 800 கிலோமீட்டர் வாக்கில் இடைவெளியும் டைமிங்கும் இன்னொரு முறை பாருங்கள். இத்தனைக்கும் பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால் மூன்று விவரம் மட்டும் எழுதி அனுப்புங்கள்: செல்ஃப் அடிக்கும்போது சி.பி. முனையில் பல்பு என்ன செய்கிறது, காயில் வயரில் பொறி என்ன நிறம், ஒன்றாம் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ரோட்டர் எந்த வயரைக் காட்டுகிறது.